அறுபத்து நாலு

என் குதிரை செவலையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், வயிற்றுவார் பதிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அதன் நெஞ்சு பேசுவது கேட்கும். லப், டப் என்று இரண்டு சத்தம் வந்தாலும் அது ஒரே துடிப்புதான். புதிதாக எண்ணுகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாக எண்ணிப் பதறிவிடுவார்கள். நானும் பதறியிருக்கிறேன். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். 16 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 64. எண்டூரன்ஸ் என்கிற தொலைதூரக் குதிரையோட்டத்தில் நீங்கள் தொடர்ந்து போகலாமா, இறங்கி வீட்டுக்குக் கிளம்ப வேண்டுமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நம் பெரியவர்கள் போட்டுவைத்த பட்டியலில் குதிரையைச் சோதித்தறிகிற அசுவ பரீட்சையும் ஒன்று. அந்த ஒரு கலைக்குள்ளேயே எனக்கு இன்னொரு அறுபத்து நாலு காத்திருந்தது. முதல் போட்டியில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

நீடாமங்கலத்தில் நாங்கள் உரக்கடை வைத்திருக்கிறோம். நான் குதிரை ஏறியது 38 வயதில். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர், வெடிச்சத்தத்துக்கு மிரள்கிறது என்று ஒரு பெட்டைக்குதிரையைத் தள்ளிவிடப் பார்த்தார். மாப்பிள்ளையைச் சுமக்க லாயக்கில்லாத குதிரையை இறைச்சி விலைக்குக் கேட்டு யாரோ வந்து நின்றதாகக் கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலமே போய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமியார்தான் முதலில் போய் அதற்கு அருகம்புல் கொடுத்தார். பழுத்த இலுப்பைக் கொட்டை நிறம் என்று அவர்தான் சொன்னார். பேர் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் செவலை என்று நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அந்த இடத்துக்கு மூணாறு தலைப்பு என்று பெயர். அங்கிருந்து பாமணியாற்றங்கரையில் மன்னார்குடிப் பக்கமாக விடிகாலையில் போவோம். வேகம் கிடையாது. செவலைக்கு வெடிதான் பயம். கொக்கு, மடையான், மதகில் விழுகிற தண்ணீர், கரையில் நாற்றுக்கட்டு ஏற்றி வருகிற டிராக்டர் எதற்கும் அது காது அசைக்கவில்லை. ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் 22 கிலோமீட்டர் ஆகியிருந்தது. அது இன்னும் போகலாம் என்பது போல நின்றது. இந்த மாதிரிக் குதிரைக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது என்று அப்போதுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

அந்த விளையாட்டின் இன்றைய வடிவம் 1955-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. வெண்டல் ராபி என்பவரும் சில நண்பர்களும், ஒரே நாளில் குதிரையில் 100 மைல் மலைப்பாதையைக் கடக்க முடியும் என்று காட்டக் கிளம்பினார்கள். டெவிஸ் கோப்பை என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. 24 மணி நேரத்துக்குள் குதிரை நல்ல நிலையில் வந்து சேர்ந்துவிட்டால் முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே வெள்ளி பக்கிள்தான். முதல் பத்தில் வந்த குதிரைகளில் எது மிகவும் தெளிவாக இருக்கிறது என்று மறுநாள் பார்த்து அதற்கென்று தனிக் கோப்பை கொடுக்கிறார்கள். முடித்தாலே வெற்றி என்பது அந்த நாட்டு எண்டூரன்ஸ்காரர்களின் வாசகம். 1986-ல் ரோமில் முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று உலகப் போட்டியின் தூரம் 160 கிலோமீட்டர். அதைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்நடை மருத்துவர்கள் குதிரையைப் பார்க்கிறார்கள். அந்த இடத்துக்கு வெட் கேட் என்று பெயர். வந்து 15 நிமிடத்துக்குள் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். குதிரைக்கு வலிக்கிறதா, களைத்துவிட்டதா என்று அதன் மேல் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு முடிவு செய்வதில்லை. இந்த விதி ஒன்றுக்காகவே எனக்கு இந்த விளையாட்டைப் பிடித்துப்போனது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பிரிவு கிடையாது. அரபிக்குதிரைகள்தான் அதிகம் ஜெயிக்கின்றன என்றாலும் இன்ன இனம்தான் வர வேண்டும் என்ற விதி இல்லை. தலைக்கவசமும் குதிகால் உள்ள காலணியும் போதும். பன்னாட்டு விதிப்படி சாட்டைக்கும் குதிமுள்ளுக்கும் தடை. படித்தபோது, கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

முதல் போட்டிக்குச் செவலையை லாரியில் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் போனோம். 40 கிலோமீட்டர், இரண்டு சுற்று. கூட்டத்தில் பாதிப்பேர் ராணுவம், போலீஸ். மீதிப்பேர் ரைடிங் கிளப்புகளில் சின்ன வயதிலிருந்து கற்றவர்கள். எல்லோருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தது. நான் சுடிதாருக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். கொடி அசைந்ததும் முன்னால் போன நாலு குதிரைகளின் பின்னாலேயே செவலையை விட்டேன். அவர்களோடு போனால் அவர்களில் ஒருத்தி ஆகிவிடலாம் என்று தோன்றியது. உண்மையான காரணம் அதுதான், வேறு எதுவும் இல்லை.

முதல் சுற்று முடிந்து உள்ளே வந்தபோது துடிப்பு 88. தண்ணீர் ஊற்றினோம், நிழலில் நடத்தினோம். நேரம் முடிகிற தறுவாயில் எண்ணினார்கள்: 72. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை: 68. சீட்டில் கோடு போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். செவலை என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் விலா அடிக்கிற வேகத்தைப் பார்த்தபோது எனக்குத் தோற்ற வருத்தம் வரவில்லை. ஒரு உயிரை என் ஆசைக்காக ஓட்டியிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது. லாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஒரு மருத்துவர் அம்மா அங்கே வந்து, "அடுத்த தடவை ஓட்ட வராதீங்க. எழுத வாங்க" என்றார். அப்போது எனக்கு அது வந்த வழியே போகச் சொல்வது போலக் கேட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், இந்த விளையாட்டில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பே அந்த வார்த்தைதான்.

அடுத்த போட்டிக்குக் குதிரை இல்லாமல் பஸ்ஸில் போனேன். வெட் கேட்டில் மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சீட்டில் எழுதுகிற வேலை. ஈறு என்ன நிறம். விரலால் அழுத்தி எடுத்தால் எத்தனை விநாடியில் சிவப்புத் திரும்புகிறது. தோளில் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா. வயிற்றின் நாலு பக்கமும் குடல் சத்தம் கேட்கிறதா. ஓட விட்டால் கால் நேராக விழுகிறதா. எல்லாவற்றுக்கும் ஏ, பி, சி என்று தரம். நடுவில் ஒரு சோதனை: துடிப்பை எண்ணிவிட்டு, 40 மீட்டர் ஓட்டிப்போய்த் திரும்ப ஓட்டி வந்து, தொடங்கியதிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவார்கள். தேறிய குதிரைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். இரண்டாவது எண் கூடினால் உள்ளே ஏதோ சரியில்லை. 60, 64 என்று வந்த ஒரு கம்பீரமான குதிரையை அந்த மருத்துவர் உடனே அனுப்பவில்லை. மறுபடி வயிற்றில் காது வைத்தார். ஒரு பக்கம் சத்தமே இல்லை. கால் மணி நேரத்தில் அது படுத்துப் புரளத் தொடங்கியது. சரியான நேரத்தில் மருந்து ஏறியதால் பிழைத்தது.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட குதிரைகளின் உள்ளே எட்டிப் பார்த்திருந்தேன். ஐந்து வருஷம் ஏறி ஓட்டினாலும் அவ்வளவு தெரிந்திருக்காது. அதைவிட முக்கியம், என் பெயர் அங்கே பத்துப் பேருக்குத் தெரிந்துவிட்டது. பக்கெட் தூக்கினேன், சீட்டு எழுதினேன், கடைசிக் குதிரை இருட்டில் வந்து சேரும்வரை டார்ச் பிடித்தேன். புதிதாக வருகிற யாரும் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: முதல் வருஷம் கையில் சீட்டும் பேனாவுமாக நில்லுங்கள்.

பிறகு ஊருக்கு வந்து வேலையைத் தொடங்கினோம். டெல்டாவில் இந்த வேலை மற்ற ஊர்களைப் போல இல்லை. வெயிலின் பாரன்ஹீட் அளவையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டிப் பார்க்கிற ஒரு கணக்கு குதிரைக்காரர்களிடம் உண்டு. 150-க்கு மேல் போனால் எச்சரிக்கை. 180-க்கு மேல் போனால் குதிரையை வேலை வாங்கவே கூடாது. மார்கழி விடியலில் நமக்குக் குளிர்கிறது என்று சால்வை போடுகிறோம் அல்லவா? 24 டிகிரி செல்சியஸ் என்றால் 75 பாரன்ஹீட், ஈரப்பதம் 90, கூட்டினால் 165. நமக்குச் சுகமான காலையே குதிரைக்கு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிட்டது. வியர்வை வந்தாலும் அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடும் வேலையில் குதிரைக்கு மணிக்கு 10, 15 லிட்டர் வியர்வை போகும். நம் வியர்வையைவிட அதில் உப்பு அதிகம். அத்தனையும் சொட்டிப் போனபின் நெஞ்சும் குடலும் தடுமாறுகின்றன. ஆகவே எங்கள் பக்கம் காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்காமல் நான் சேணம் கட்டுவதில்லை.

தரையும் இங்கே வேறு. கொள்ளிடத்து மணலில் ஓடவிடலாமே என்று பலர் சொன்னார்கள். ஆழ மணலில் குதிரையின் கணுக்காலுக்கு மேலே பின்புறமாக ஓடுகிற தசைநார் இழுபட்டுக் காயப்படும். வயலில் களிமண் லாடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். சம்பா அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காலியாக இல்லை, அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் அதில் முளைத்திருக்கும். அதில் ஒரு குளம்பு பட்டாலும் நான் கடையில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. ஆகவே கரைதான் எங்கள் மைதானம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரையும் போய்விடும். அந்த இரண்டு மாதம் லாயத்தைக் காய வைப்பதும், குளம்படியைத் தினம் சுரண்டி அழுகல் வராமல் பார்ப்பதும், ஈ கடித்து சர்ரா காய்ச்சல் வந்துவிடாமல் காப்பதுமே வேலை. குதிரைக்கு மூச்சும் சதையும் சில மாதத்தில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் தேற வருஷக்கணக்கு ஆகும். மூச்சு தேறிய தைரியத்தில் ஓட்டிக் காலைக் கெடுத்தவர்கள் நிறைய.

அந்தப் பையன் வந்தது அடுத்த தை மாதத்தில்.

தரங்கம்பாடிப் பக்கத்துக் கிராமம். மன்னார்குடியில் கல்லூரி, நீடாமங்கலத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான். கரையில் நாங்கள் போவதைச் சைக்கிளில் பார்த்துக்கொண்டே வந்தவன் சட்டென்று இறங்கி, "அக்கா, வலது முன்னங்கால் விழுறப்ப தலையத் தூக்குது பாருங்க" என்றான். நான் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. அவன் காலைத் தூக்கி மடியில் வைத்து, லாடத்தின் உள்விளிம்பில் செருகியிருந்த ஒரு சல்லியை விரலால் நெம்பி எடுத்தான். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் உள்ளங்குளம்பு கன்றி ஒரு மாதம் நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ரேக்ளா. திருக்கடையூரில் காணும் பொங்கலன்று நடக்கிற பந்தயத்தில் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரிவு உண்டே, அதில் மூன்று பிரிவிலும் வண்டி விட்டவர்கள். அதற்கு முன்னால் ரயிலடியில் ஜட்கா. நடக்கப் பழகும்போதே குதிரையின் வயிற்றுக்கடியில் புகுந்து விளையாடியவன். என்னைப் புதியவள் என்று சொன்னால் பொருத்தம். அவனை என்னவென்று சொல்வது?

காவிரிக்கரையில் குதிரை நேற்று வந்த உயிர் இல்லை. கடல்வழியாகப் பூம்புகாரில் வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பாடியிருக்கிறது. தஞ்சை சரஸ்வதி மகாலில் வண்ணப்படங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடி இருக்கிறது. 1952-ல் நூலகமே அதை அச்சிட்டது. ஐயனார் கோயிலில் மண்குதிரை இல்லாத ஊர் உண்டா? கோடியக்கரைக் காட்டில் ஆள் இல்லாத மட்டக்குதிரைகள் தானாகப் பெருகித் திரிகின்றன. இத்தனைக்குப் பிறகும் எண்டூரன்ஸ் களத்தில் டெல்டாக் குரல் கேட்பது அபூர்வம். குதிரையோடு பிறந்து வளர்ந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். என்னைப் போல லாரி வாடகை கொடுக்க முடிந்தவர்கள் உள்ளே போய்ப் பழகிக்கொள்கிறோம்.

அவனுக்கும் மாற்றிக்கொள்ள இருந்தது. ஒருநாள் வியர்த்து நின்ற செவலைக்கு நான் பக்கெட்டை வைத்தேன். அவன் பறித்துவிட்டான். "சூட்டுல தண்ணி காட்டாதீங்கக்கா. வாயு புடிச்சிக்கும். தாத்தா பாத்தா அடிப்பாரு." அந்த நம்பிக்கை ஜட்கா, ரேக்ளா வீடுகளில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இருந்தது. அதை மாற்றியதில் எண்டூரன்ஸுக்கும் பங்கு உண்டு. வழியெல்லாம் குடிக்க விட்ட குதிரைகளே நன்றாக முடித்தன. குதிரையின் பெருங்குடலே ஒரு நீர்த்தொட்டி. அதில் இருப்பு இருந்தால்தான் ஓட்டத்தில் எடுத்துக்கொள்ள முடியும். இதை நான் வாயால் சொல்லி அவன் ஏற்கவில்லை. ஏன் ஏற்க வேண்டும்? ஸ்டெதாஸ்கோப்பை அவன் காதில் மாட்டினேன். தண்ணீர் காட்டிய நாள், காட்டாத நாள், புல் தின்ற பிறகு, வெறும் வைக்கோல் தின்ற பிறகு என்று ஒரு மாதம் குடல் சத்தத்தைக் கேட்டு நோட்டில் எழுதினான். மாதக் கடைசியில் அவனே பக்கெட்டை எடுத்து வந்து வைத்தான். தாத்தாவிடம் போனில் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "ஒங்க குதிரை, ஒங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாராம்.

அந்த மாசியில் செவலை 40 கிலோமீட்டரை முடித்தது. மெதுவாக, பின்வரிசையில். கடைசித் துடிப்பு 56. உதவியாளாக அவன் வந்திருந்தான். அங்கே பதிவு மேசையில் ஆங்கிலப் படிவத்தை நீட்டி ஆங்கிலத்திலேயே ஏதோ கேட்டார்கள். அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு அடி பின்வாங்கி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டான். ஊரில் எந்தக் குதிரைக்கு முன்னாலும் பின்வாங்காதவன். என் வயிறு எரிந்தது. ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி தமிழ் இருந்தால் போதும். ஈறு, குடல், குளம்பு, துடிப்பு என்று நாலு வார்த்தை.

பின்பு அவன் செவலையைப் பிடித்துக்கொண்டு மருத்துவர் முன்னால் ஓடினான். கயிறு தளர்ந்து, குதிரையின் தலை தன்போக்கில் ஆட, நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் வந்தான். பலர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தலை அசையாவிட்டால் நொண்டல் தெரியாது. சோதித்த மருத்துவர் அடுத்து வந்தவரிடம், "அந்தத் தம்பி ஓட்டுன மாதிரி ஓட்டுங்க" என்றார். அதைத் தமிழில் சொன்னார்.

இப்போது கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் வருகிறார்கள். இரண்டு பேர் ரேக்ளா வீட்டுப் பையன்கள். ஒரு பெண் கல்லூரி முதலாண்டு. ஒருவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். குதிரை மூன்றுதான். அதனால் யாரும் எந்நேரமும் மேலே உட்கார்ந்திருக்க முடியாது. மூன்று பேர் ஓட்டினால் மூன்று பேர் எண்ணுகிறார்கள். சீட்டை நான் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன். புதியவர்களுக்கான தகுதிச் சுற்றுகளில் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பன்னாட்டு விதி. எங்கள் கரையில் நான் அதை 12 என்று வைத்திருக்கிறேன். ரேக்ளாப் பையன்களுக்குச் சாட்டை இல்லாத கை முதல் வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. இப்போது அந்தக் கை குதிரையின் கழுத்தில் இருக்கிறது.

அவனுடைய சொந்தக் குதிரை ஒன்று ஊரில் நிற்கிறது. தாத்தா வாங்கிக் கொடுத்த கறுப்புக் குட்டி. பல்லைப் பார்த்தால் நாலு வயது. பன்னாட்டுப் போட்டியில் 100 கிலோமீட்டர் ஓட குதிரைக்கு ஆறு வயது முடிய வேண்டும், 160-க்கு எட்டு. முதுகெலும்பு முற்ற அவ்வளவு காலம் ஆகும். ரேக்ளாவில் இந்த வயதுக்குப் பரிசு வாங்கியே இருக்கும். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினான். போன ஞாயிறு நானே போனேன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். பேரன் சொல்லி முடிக்கும்வரை முறத்தை நிறுத்தவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அதுவரைக்கும் என்னம்மா பண்ணணும்?"

"நடைதான் தாத்தா. தினம் நடை."

"நடத்தலாம்" என்றார். குட்டியை அவிழ்த்து வரச் சொல்லிவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்திருக்கிறேனா என்று கேட்டார். 15 விநாடிக்கு 9 துடிப்பு. பெருக்கிச் சொன்னேன். இன்னொரு தடவை வைக்கச் சொல்லி, இந்தத் தடவை காதில் தானே மாட்டிக்கொண்டார்.